அரை மணி நேரத்தில் அணையும் ஸ்டீரியோ விளக்கு

பழைய எஃப்எம் ட்யூனர் (வானொலி நிலையத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டி) ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னிடம் இருப்பது எழுபதுகளின் கடைசியில் வந்த ட்யூனர். ஆறு வருடமாக அதில்தான் கேட்கிறேன். போன மாதம் மூன்றாவது தடவையாகத் திறந்து மூடியிருக்கிறேன், அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

முதலில் அதன் ட்யூனிங் குமிழ். பின்னால் கனமான உலோகச் சக்கரம். ஒரு சுண்டு சுண்டினால் முள் டயலின் அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டு போகும். விரலுக்கு இவ்வளவு சுகமான இன்னொரு குமிழை நான் தொட்டதில்லை. ஒலியும் அப்படித்தான், பேச்சுக் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

ஆனால் அந்த ஸ்டீரியோ விளக்கு! போட்டவுடன் எரியும், பாட்டு இரண்டு பக்கமும் விரியும். அரை மணி நேரத்தில் விளக்கு துடிக்கும், அப்புறம் அணைந்துவிடும். பாட்டு நடுவில் வந்து ஒடுங்கிவிடும்.

ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட வலுவான சிக்னல் வேண்டும் என்பதால் முதலில் ஆன்டெனாவை மாற்றினேன். பயனில்லை. அடுத்த தடவை பழைய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை எல்லாம் மாற்றினேன். ஒலி தெளிந்தது, விளக்கு மட்டும் அணைந்துகொண்டே இருந்தது. மேல் மூடியைக் கழற்றி வைத்தால் இரவு முழுக்க எரியும், மூடினால் அணையும். அப்போதுதான் கோளாறு வெப்பத்தில் இருப்பது புரிந்தது.

நிலையம் பாட்டோடு சேர்த்து, இது ஸ்டீரியோ என்று காட்டும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலையும் அனுப்புகிறது. இடது, வலது ஒலியைப் பிரிக்கும் டிகோடர் சிப்பில் 76 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஆசிலேட்டரை (அலை உண்டாக்கும் சுற்று) நான்கால் வகுத்தால் அதே 19 வரும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் ஸ்டீரியோ. ஆசிலேட்டர் அதிகம் விலகினால் பிடி விட்டுப்போகும். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, சோதனை முனையில் ஃப்ரீக்வன்சி கவுண்டரை மாட்டினேன். 19,000 ஹெர்ட்ஸில் வைத்தது சூடேறியதும் 19,700-ஐத் தாண்டிவிட்டது. ஹேர் டிரையரால் ஒவ்வொரு பாகமாகச் சூடாக்கியதில் அகப்பட்டது ஒரு சின்ன கார்பன் ப்ரீசெட், ஆசிலேட்டரின் அலைவெண்ணைத் திருகிச் சரிசெய்யும் மின்தடை. அதை எடுத்துவிட்டு, சூட்டில் அவ்வளவாக மாறாத பல சுற்று செர்மெட் ப்ரீசெட் போட்டேன். கருவி நன்றாகச் சூடான பிறகு 19,000-க்குச் சரிசெய்தேன். நேற்று ஆறு மணி நேரம் ஓடியும் விளக்கு அணையவில்லை.

நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த ப்ரீசெட் தேய்ந்ததில் தப்பே இல்லை. ஆனால் கொதிக்கிற ரெகுலேட்டர் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தது யார்? இரண்டு அங்குலம் தள்ளி வெற்றிடம் கிடக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த இடத்தைப் பார்த்துக் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஃப்ரீக்வன்சி கவுண்டரும் சால்டர் வைக்கிற பழக்கமும் இல்லையென்றால் வேண்டாம், வாங்காதீர்கள். என்னுடையதையும் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.