சில்லறை தேட வங்கியா, கடைக் கல்லாவா?

பழைய குத்திகள் (நாணயங்கள்) சேர்க்கத் தொடங்கும் இலங்கைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் இந்தக் குழப்பம்தான்: ஹட்டன் டவுனுக்குப் போய் வங்கியில் கட்டுச் சில்லறை வாங்குவதா, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்துக் கடையில் கேட்பதா?

செலவு: இரண்டிலும் முகப்பெறுமதிதான் (காசில் பொறித்த மதிப்பு). வங்கிக்கு பஸ் காசு கூடுதல். கடைக்காரருக்கோ நோட்டைக் கொடுத்துச் சில்லறையை அள்ளிக்கொண்டு வந்தால் முகம் கோணும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிக் கேளுங்கள்.

கிடைப்பது: இங்கேதான் வித்தியாசம். வங்கியில் புதுக் கட்டு வந்தால் எல்லாமே ஒரே வருடமாக இருக்கலாம். 2017க்குப் பிந்திய பளபளப்பான உருக்குக் காசுகளே வரிசையாக வரும். பளிச்சென்ற காசு வேண்டுமென்றால் அது நல்லது. கல்லாவிலோ எல்லாம் கலந்து கிடக்கும். 2013இல் 25 மாவட்டங்களுக்கும் வெளியிட்ட பதினொரு பக்க 10 ரூபாய்க் காசுகளை அங்கே தேடலாம். நுவரெலியா, பதுளை, கண்டி மூன்றையும் சேர்ப்பதே நல்ல தொடக்கம். 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண வெற்றிக்காக 1999இல் வந்த 5 ரூபாயும் அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

நேரம்: வங்கியில் சம்பள நாட்களைத் தவிருங்கள். கடையில் மதியம் ஆள் குறைவு.

அளவு: ஒரே மூச்சில் நிறையப் பார்க்க வங்கி. கடையில் ஒரு கைப்பிடிதான்.

மாவட்ட வரிசையை நிரப்புகிறவருக்குக் கடை போதும். தேய்மானமில்லாத காசை வருடவாரியாக அடுக்குகிறவர் வங்கிக்குப் போகட்டும். எதுவானாலும் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சேகரிப்பவர்களிடம் மதிப்பு போய்விடும்.