என் பிரஷ் கட்டரும் கிடைக்காத டயாபிரமும்

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர், "விலை குறைந்திருக்கிறதே அண்ணா, உங்களிடம் இருக்கும் பிரஷ் கட்டரையே நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பிரஷ் கட்டர் என்பது புல், களை, புதர் வெட்டும் இயந்திரம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறார். பதிலில் சூடு தெரிந்தால் அதுதான் காரணம்.

52 சிசி, டூ ஸ்ட்ரோக், தோளில் மாட்டும் வகை. மற்ற விவரங்கள் எல்லாக் கடையிலும் தெரியும். பருவமழை ஓய்ந்ததும் இடுப்பளவு நிற்கும் பார்த்தீனியத்தையும், வாய்க்கால் ஓரத்துக் கோரையையும் இது திணறாமல் சாய்க்கிறது. கியர் பெட்டிக்கு அவ்வப்போது கிரீஸ் வைப்பதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. இன்றுவரை ஒரு பல்கூடத் தேயவில்லை. கிளட்ச், ஷாஃப்ட் இரண்டும் வாங்கியபோது இருந்தபடியே இருக்கின்றன. இந்த விலைக்கு இவ்வளவு உறுதியான இரும்பு வேலையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

என் கோபமெல்லாம் ஐம்பது பைசா நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு மெல்லிய ரப்பர் வட்டின்மேல்தான். பைக்கில் இருப்பதுபோல இந்தக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. இயந்திரத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பெட்ரோல் அளவாகப் போக வேண்டும் என்பதால், அந்த வேலையை டயாபிரம் என்ற இந்த ரப்பர் வட்டு செய்கிறது. அது விறைத்துவிட்டால் அறிகுறி எப்போதும் ஒன்றுதான்: கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் ஒழுங்காக ஓடும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் மூச்சடைத்து நின்றுவிடும். பாதி சோக் போட்டால் மட்டும் ஓடும்.

மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது துணிபோலத் துவளும். விரல் பட்டாலே உள்வாங்கும். பழையதை அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு மறுபக்கம் புடைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். அப்படி விறைத்துப்போனது சின்ன நெம்புகோலை எப்படி அழுத்தும், பெட்ரோலை எப்படித் திறந்துவிடும்?

ரப்பர் இப்படி விறைப்பதில், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் பங்கு உண்டு. 2022 இல் நம் நாட்டுப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கு எட்டப்பட்டது. 2025 இல் அது 20 சதவீதமானது. என் இயந்திரத்தின் கையேடோ 10 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தேயாமலிருக்க நாம் பெட்ரோலில் கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். உறிஞ்சும் வடிகட்டி கிடப்பதோ டேங்கின் அடியில். ஆயில் இல்லாத அந்தக் கலவையில் ஓடினால் பிஸ்டனில் கீறல் விழும். அதனால்தான் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். கலவையையும் அன்றைய தேவைக்கு மட்டுமே தயாரிக்கிறேன். என் இயந்திரத்துக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில்.

இவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ரப்பர் ஒருநாள் விறைக்கத்தான் செய்யும். அது தேயும் பொருள். அதில் எனக்கு வருத்தமில்லை. சர்வீஸ் சென்டரில் சொன்ன பதில்தான் பொறுக்கவில்லை: "டயாபிரம் தனியாக வராது சார், கார்புரேட்டரோடுதான் மாற்ற வேண்டும்." அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையாகப் பேசினான், கணினியில் தேடியும் காட்டினான். பட்டியலில் அந்த உதிரிபாகமே இல்லை. நூற்றுச் சொச்சம் ரூபாய் ரப்பருக்காக, பித்தளை ஜெட்டும் ஊசியும் பழுதில்லாத ஒரு கார்புரேட்டரைக் குப்பையில் போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கடைசியில் மரம் அறுக்கும் ரம்பங்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில், அதே அளவுக்குப் பொருந்தும் கிட் கிடைத்தது. மாட்டியதும் பழைய வேகம் அப்படியே திரும்பிவிட்டது.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். இயந்திரம் நல்லதுதான், என்னுடையதை நான் விற்கவும் போவதில்லை. ஆனால் ஒரு ரப்பர் வட்டைத் தனியாகத் தர மனமில்லாத நிறுவனத்துக்கு இன்னொரு வாடிக்கையாளரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும், விலை பேசுவதற்கு முன்னால் டயாபிரம் கிட், டேங்கின் உள்ளே போகும் பெட்ரோல் குழாய், ஸ்டார்ட்டர் கயிற்றின் ஸ்பிரிங் மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அந்த இயந்திரத்தையே வாங்குங்கள், விலை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.