இரவில் எழுப்பும் நாய்: கண்டுகொள்ளாமல் விடுவதா, அறைக்குள் படுக்க வைப்பதா?

நடு இரவில் நாய் குரைத்தோ கதவைப் பிறாண்டியோ எழுப்பினால் பலரும் சொல்வது, கண்டுகொள்ளாதீர்கள், தானாக நிறுத்திவிடும் என்பதுதான். இது பலிக்கும், ஆனால் கவனத்துக்காக மட்டும் எழுப்பும் நாயிடம்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாகக் கிடைத்தது நின்றதும் நாய் முதலில் இன்னும் பலமாகக் குரைக்கும், அப்போது பொறுக்க முடியாமல் எழுந்து போனால், விடாமல் குரைத்தால் ஆள் வரும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். வீட்டில் ஒருவர் எழுந்தாலும் போச்சு.

உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அதற்கொரு படுக்கை போடுவது இன்னொரு வழி. தனிமைக்குப் பயப்படும் நாய்க்கும் புதிதாக வந்த குட்டிக்கும் நான் இதைத்தான் சொல்வேன். பயந்து அழுகிற உயிரைக் கதற விட்டால் பயம் கூடுமே தவிரக் குறையாது. 3 மாதக் குட்டியால் இரவு முழுக்கச் சிறுநீரை அடக்க முடியாது, பக்கத்தில் இருந்தால் அது நெளியும்போதே தெரிந்துவிடும், கொஞ்சாமல் விளையாடாமல் வெளியே கூட்டிப்போய்த் திரும்பப் படுக்க வைக்கலாம். லேசாகத் தூங்குபவர்களுக்கு இது ஒத்துவராது.

அப்புறம், இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கிய நாய் திடீரென்று எழுப்ப ஆரம்பித்தால் இரண்டுமே வேண்டாம், முதலில் கால்நடை மருத்துவர். சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி என எதுவாகவும் இருக்கலாம்; வயதான நாய்க்கு மூளை தளர்ந்து இரவு பகல் குழம்புவதும் உண்டு, தயவுசெய்து அதை அடம் என்று நினைத்துத் திட்டாதீர்கள்.