மூடில் புள்ளிவிவர அறிக்கை: தப்பு ஆப்ஷன்களைச் சோதிக்கப் போதுமா?

சொற்பொருள் தேர்வை மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடத்தினால், வினாடிவினாவோடு சேர்ந்தே புள்ளிவிவர அறிக்கையும் கிடைக்கிறது, தனிக் காசு இல்லை. சரியான விடையைப் பற்றி நிறையச் சொல்கிறது. தப்பு ஆப்ஷன்கள் என்று வந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கேள்வியைச் சொடுக்கினால், எந்த ஆப்ஷனை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணிக்கையும் விழுக்காடும் வரும். 5 விழுக்காடுகூடத் தொடாத ஆப்ஷனைத் தூக்க இது போதும். எடுத்தவர்கள் நன்றாக எழுதுபவர்களா, திணறுபவர்களா என்பதுதான் தெரியாது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

'வேழம்' என்பதன் பொருள் என்ன? யானை, கரும்பு, மயில், தேர். கணக்குக்கு 100 பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் மேலே 27 விழுக்காடு, அதாவது 27 பேர், கீழே 27 பேர். விடைக்குறிப்பில் உள்ள யானையை எடுத்தவர்கள் மேலே 16, கீழே 9. வித்தியாசம் 7, 27ஆல் வகுத்தால் 0.26, சுமாராகத் தேறும். மயில் மேலே 1, கீழே 7. தேர் 0, 6. இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. கரும்பு? மேலே 10, கீழே 5! அகராதியைப் புரட்டினால் வேழத்துக்குக் கரும்பு என்றும் பொருள் உண்டு. கோளாறு கேள்வியில், கூடுதலாகப் படித்தவர்தான் மார்க்கை இழக்கிறார். மூடில் இந்த 10-ஐயும் 5-ஐயும் பிரித்துக் காட்டாது. (அது விழுக்காட்டில் தரும் பாகுபாட்டு எண், இந்தக் கேள்வியின் மதிப்பெண் மற்றக் கேள்விகளின் மதிப்பெண்ணோடு எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்ற ஒட்டுறவு. இந்த 0.26-உடன் ஒப்பிட வேண்டாம்.)

மாற்றுவழி உண்டு. யார் எந்த விடையை எடுத்தார்கள் என்று காட்டும் மூடிலின் பதில்கள் அறிக்கையை சிஎஸ்வி கோப்பாக (எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் சிடிடி (CTT) தொகுப்பில் உள்ள 'டிஸ்ட்ராக்டர் அனாலிசிஸ்' கட்டளைக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பாயின்ட் பைசீரியல் எண்ணும் (அதை எடுத்ததற்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு), மதிப்பெண் குழுவாரியான விகிதமும் வரும். தப்பு ஆப்ஷனுக்கு அந்த எண் மைனஸில் இருக்க வேண்டும். பிளஸில் வந்தால் விடைக்குறிப்பையும் அகராதியையும் பாருங்கள்.

கோப்பில் விடை எழுதாத இடத்தில் '-' இருக்கும். அதை ஆரில் 'NA' (விடை இல்லை என்ற குறி) ஆக்காவிட்டால் அதுவும் ஓர் ஆப்ஷனாக எண்ணப்படும். விடைக்குறிப்பில் ஓர் இடைவெளி கூடினாலும் சரியான விடை தப்பாகிவிடும். பலமுறை எழுத அனுமதித்திருந்தால் முதல் முயற்சியை மட்டும் எடுங்கள். அடுத்த முயற்சிகளில் விடை மனப்பாடமாகியிருக்கும்.

30 பேர் வகுப்புக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. 27 விழுக்காடு என்றால் மேல் குழுவில் 8 பேர்தான். ஒருவர் மாற்றிக் குறித்தாலே 12.5 விழுக்காடு ஆடும்.