கப்பலேறும் முன் மூன்று இரவுகள்: ரோம் நகரமா, ஃபுளோரன்ஸா?

ராயபுரத்து வீட்டு மாடியிலிருந்து துறைமுகக் கப்பல்களைப் பார்த்தே வளர்ந்த எங்கள் குடும்பம், இத்தாலியின் சிவிட்டாவெக்கியாவில் உல்லாசக் கப்பலேறுவதற்கு முன் மூன்று இரவுகளை எங்கே கழிப்பது என்று நீண்ட நாட்கள் விவாதித்தது.

ரோமின் துறைமுகம் என்று விளம்பரங்கள் கூறினாலும், அது நகரிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தள்ளி, அதாவது நமக்குக் காஞ்சிபுரம் இருக்கும் தொலைவில் உள்ளது. ஆயினும் நேரடி ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பதால், கப்பல் புறப்படும் நாளன்று ரோமிலிருந்து பதற்றமின்றிக் கிளம்ப முடியும். விமானமும் அங்கேயே இறங்குவதால், பெட்டிகளுடன் இன்னோர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொலோசியத்துக்கும் வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கும் தனித்தனி நாள் ஒதுக்குவதே நல்லது. பின்னது, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை.

ஃபுளோரன்ஸ் அடக்கமான ஊர்; பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கும் தூரத்தில் உள்ளன. மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீது சிலை உள்ள அக்காதெமியா கலைக்கூடத்துக்குத் திங்களன்று விடுமுறை. பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் இல்லை என்றதும் மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டார். ரோமிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் விமானக் களைப்பில் கழியும் முதல் நாளைக் கழித்தால், மிஞ்சுவது சொற்பமே.

ஆகவே மூன்று இரவுகளுக்கு ரோம். ஐந்து கிடைத்தால் முதலில் ஃபுளோரன்ஸ், பிறகு ரோம். எதைத் தேர்ந்தாலும், கப்பல் துருக்கியைத் தொட்டுத் திரும்புமானால், பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவுக்கே (இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா; துருக்கி அதில் சேராது) விண்ணப்பிக்க வேண்டும்.