மைலேஜ் சிப், டீகார்ப் என்று பில் போடுகிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மைலேஜ் குறைகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் இப்போது பல இடங்களில் ஒரே மாதிரி பில் வருகிறது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்குப் போட்ட பில்லைப் பாருங்கள்: ஓபிடி (காரின் கோளாறுகளைப் படிக்கும் சாக்கெட்) மைலேஜ் சிப் 1,499, என்ஜின் டீகார்பனைசிங் (உள்ளே படிந்த கார்பனை நீக்குவது) 2,800, இன்ஜெக்டர் கிளீனிங் 1,600, டேங்க்கில் ஊற்றும் அடிட்டிவ் 750, ஏர் ஃபில்டர் 450. மொத்தம் 7,099 ரூபாய். ஊருக்குள் லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியிருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது டேஷ்போர்டில் 21.8 காட்டியது. உரிமையாளர் சந்தோஷமாகப் பணத்தைக் கட்டினார். இரண்டு வாரத்தில் மறுபடியும் 11. அணைந்திருந்த என்ஜின் விளக்கும் திரும்ப எரிய ஆரம்பித்தது.

அந்த 21.8 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டேஷ்போர்டில் தெரிகிற சராசரி, கடைசியாக ரீசெட் செய்த இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஊருக்குள் சிக்னலில் நின்று நின்று ஓடிய ஆயிரம் கிலோமீட்டர் கணக்கை அழித்துவிட்டு, டயரில் காற்றைக் கூடுதலாக அடித்து, ஏசியை அணைத்து, ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் 60, 70 வேகத்தில் டாப் கியரில் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் கோளாறுள்ள வண்டிகூட நல்ல எண்ணைத்தான் காட்டும். சிப்பை மாட்டாமலே காட்டும். பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி மாட்டினாலோ ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை (கோட்) அழித்தாலோ என்ஜின் விளக்கு அணைந்துவிடும். ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். பல கோட்கள் இரண்டு மூன்று முறை ஸ்டார்ட் செய்து ஓட்டிய பிறகே மறுபடி பதிவாகும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். "150 கிலோமீட்டர் ஓடினால்தான் சிப் உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்" என்று சொல்வதும் திருப்பிக் கொடுக்கும் கெடுவைத் தாண்டவைக்கத்தான்.

சிப்பை இரண்டே நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம். ஓபிடி சாக்கெட்டில் 16 பின். 16-வது பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், 4, 5 இரண்டும் எர்த். இன்றைய கார்களில் ஈசியூவோடு, அதாவது என்ஜினை இயக்கும் கணினியோடு, பேச 6, 14 ஆகிய கேன் (காருக்குள் தகவல் போகும் இணைப்பு) பின்கள் வேண்டும், அவற்றுக்குப் பின்னால் அந்தத் தகவலை அனுப்பி வாங்கும் கேன் டிரான்ஸீவர் சிப்பும் வேண்டும். மலிவுச் சிப்பின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், சில எல்இடி, ஒரு பட்டன், அவ்வளவுதான். 2017-ல் பிரான்ஸின் குவார்க்ஸ்லேப் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இப்படியொரு சிப்பை எடுத்து, மாட்டும் முன்னும் பின்னும் காரின் கேன் தகவல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டது. சிப்பிலிருந்து ஒரு செய்திகூடப் போகவில்லை. விளக்குகள் மட்டும் மினுக்கின. வண்டி நிற்கும்போதும் அது பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தமும் இதே கதைதான். பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது.

டீகார்பனைசிங் கொஞ்சம் நுணுக்கமான ஏமாற்று, ஏனென்றால் கார்பன் படிவது உண்மை. ஆனால் எங்கே படிகிறது என்று பார்க்க வேண்டும். காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வின் முதுகில் கார்பன் கட்டியாக ஏறுவது சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில். நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை போர்ட் இன்ஜெக்‌ஷன். அவற்றில் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் பீய்ச்சப்படுவதால் அதுவே வால்வைக் கழுவிக்கொண்டிருக்கும். அந்த என்ஜினை ஐடிலில் விட்டு அரை மணி நேரம் காற்றுக்குழாய் வழியாக வாயுவை அனுப்பி 2,800 வாங்குவது நியாயமே இல்லை. ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்தது: நவீன இன்ஜெக்‌ஷன் காரில் ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் குறைகிறது, மைலேஜ் கிட்டத்தட்ட மாறுவதில்லை. ஃபில்டரை மாற்றுங்கள், என்ஜினுக்கு நல்லது. மைலேஜ் கூடும் என்று மாற்றாதீர்கள்.

சரி, அந்த வண்டியில் உண்மையான கோளாறு என்ன? வெளியே வேறொருவர் ஸ்கேனர் போட்டதும் பி0128 வந்தது. என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தேவையான சூட்டை எட்டவில்லை என்பதற்கான கோட் அது. கால் மணி நேரம் ஓட்டியும் 65 டிகிரியைத் தாண்டவில்லை. திறந்து பார்த்தால், என்ஜின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டே இல்லை! முந்தைய வருடம் ஓவர்ஹீட் ஆனபோது இதே ஒர்க்‌ஷாப், "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்திருக்கிறது. இந்தப் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, வருத்தமாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக விடும், ஐடிலை உயர்த்தும். ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். பல ஹேட்ச்பேக்குகளில் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற பாகம் இது. கூடவே முன் இடது பிரேக் கேலிப்பரின் ஸ்லைடு பின் இறுகி, பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர்களில் 25 இருந்தது. பில்லில் இருந்த ஐந்து வேலைகளில் ஒன்றுகூட இவற்றைத் தொடவில்லை.

இவற்றை வீட்டிலேயே பார்க்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை மாட்டி, காலையில் குளிர்ந்த என்ஜினோடு கிளம்புங்கள். பதினைந்து நிமிடத்தில் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். ஹைவேயில் 60-களுக்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. அடுத்து லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற எண். பிளஸ் 10-க்கு மேல் நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது அல்லது பெட்ரோல் அழுத்தம் குறைவு. மைனஸ் 10-க்குக் கீழே என்றால் இன்ஜெக்டர் ஒழுகலாம், டேங்க்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தே நிற்கலாம். இன்ஜெக்டர் கிளீனிங் வேண்டும் என்று யார் சொன்னாலும் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரேக்குக்கு, ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாமல். ஒன்று மட்டும் கொதித்தால் அதை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றும்போது கையேட்டில் 0டபிள்யூ-20 (மெல்லிய ஆயில்) என்று இருந்தால் டிரம்மிலிருந்து கெட்டி ஆயில் ஊற்ற விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் வண்டி மேல் தப்பில்லை. இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் லிட்டருக்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இ10-க்கு டியூன் செய்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்கிறது. 15 ஓடியது 14 ஆனால் அது பெட்ரோலால். 11 ஆனால் கோளாறு. இந்தக் குறையைச் சிப்போ டீகார்போ ஈடுகட்டாது.

மைலேஜை அளக்க டேஷ்போர்டை நம்பாதீர்கள். ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, 400 கிலோமீட்டராவது உங்கள் வழக்கமான பாதையிலேயே ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். வேலைக்கு முன் ஒரு டேங்க், பின் ஒரு டேங்க். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன் ஸ்கேனர் காட்டிய கோட்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வேலைக்கு முந்தைய கோட் போட்டோ, இரண்டு டேங்க் கணக்கு, பில், இந்த மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.