கையால் பதித்த பாதையா, கடையில் வாங்கிய பாதையா: கேப் அகல மாதிரி ரயிலுக்கான ஓர் ஒப்பீடு

வீட்டுக் கராஜிலோ பின்கட்டு அறையிலோ மாதிரி ரயில் அமைக்க நினைக்கும் தென்னாப்பிரிக்கர், பாதையைக் கடையில் வாங்குவதா, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கையால் பதிப்பதா என்று யோசிக்கும்போது, அமெரிக்கருக்கோ ஜெர்மானியருக்கோ இல்லாத ஒரு சிக்கலோடு தொடங்குகிறார். அவர்களுடைய ரயில்கள் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1435 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பாதையில் ஓடுகின்றன. உலகில் மிகப் பரவலாக விற்கும் 16.5 மில்லிமீட்டர் மாதிரிப் பாதை, அந்த அகலத்தை 1:87 அளவில் சுருக்கியதே. ஆகவே கையால் பதிப்பது என்பது அவர்களுக்குக் கைத்திறனையும் பொறுமையையும் பொறுத்த விருப்பம் மட்டுமே. நம்முடையதோ 1067 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அடி கொண்ட கேப் அகலம். டர்பன் துறைமுக முனையிலிருந்து சந்தைச் சதுக்கம் வரை 1860 ஜூன் மாதத்தில் ஓடத் தொடங்கிய முதல் ரயில் 1435 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடியது. பின்னர் 1870-களில் பாதையை மலைகளின் வழியே உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தபோது, குறைந்த செலவும் இறுக்கமான வளைவுகளும் கருதி நேட்டாலில் மூன்றரை அடி அகலம் ஏற்கப்பட்டது. அந்த முடிவை இன்று நம் மேசைமேல் இருக்கும் பாதையும் சுமக்கிறது.

ஆதலால் கையா கடையா என்பதற்கு முன்பு எந்த அளவு என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் 1:87 வண்டிகளை 16.5 மில்லிமீட்டர் பாதையிலேயே ஓட்டுகிறார்கள். இத்தாலியின் லீமா நிறுவனம் ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்க ரயில்வேயின் வண்ணங்களில் வெளியிட்ட வண்டிகளும் அப்படி ஓடியவையே. இதில் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பாதை இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாக இருக்கும். வண்டியைப் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாத இந்தக் குறை, முன்னாலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும். 1:87 அளவை விடாமல் பாதையை 12 மில்லிமீட்டராக்கினால் 1044 மில்லிமீட்டருக்கு ஒப்பாகிவிடும். பெக்கோ, டில்லிக் ஆகிய நிறுவனங்கள் மீட்டர் அகல ரயில்களுக்காக இந்தப் பாதையை விற்கின்றன. 1:120 அளவில் 9 மில்லிமீட்டர் பாதை ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும். 1:64 அளவை எடுத்துக்கொண்டால், அதே சாதாரண 16.5 மில்லிமீட்டர் பாதை 1056 மில்லிமீட்டருக்கு ஒப்பாகிறது; பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிடிக்காது. குவீன்ஸ்லாந்திலும் நியூசிலாந்திலும் மூன்றரை அடி ரயிலை மாதிரியாக அமைப்போர் இந்த வழியைப் பின்பற்றுவதற்கும் இதுவே காரணம். இடம் மட்டும் கூடுதலாக வேண்டும். ஜி.எம்.ஏ.எம். வகை காரட் நீராவி எஞ்சின் ஒன்றே 1:87-இல் சுமார் 33 சென்டிமீட்டரும் 1:64-இல் சுமார் 45 சென்டிமீட்டரும் நீளும்.

இனி 1:64 அளவையே முதன்மையாக வைத்துப் பேசுகிறேன். கடைப் பாதைக்கும் கைப் பாதைக்குமான போட்டி உண்மையில் சூடுபிடிப்பது இங்கேதான்.

கடையில் வாங்கும் பிளெக்ஸ் பாதை சுமார் 914 மில்லிமீட்டர் நீளத்தில் வருகிறது. பிளாஸ்டிக் கட்டைகள் தண்டவாளத்தில் வழுக்கி நகர்வதால் வேண்டிய வளைவுக்கு வளைத்து, வெளியே நீளும் முனையை வெட்டிவிட்டால் போதும். ஒரு மாலைப்பொழுதில் ஒரு சுவர் நீளத்துக்குப் பாதை போட்டுவிடலாம். அகலம் சீராக இருக்கும், வண்டி தடம் புரளாது. தண்டவாளத்தின் உயரத்தைப் பற்றிச் சொல்லப்படும் பழைய குறையும் நமக்குப் பொருந்தாது. கோடு 100 எனப்படும் தண்டவாளம் 0.100 அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர் உயரம். அதை 87-ஆல் பெருக்கினால் 221 மில்லிமீட்டர் வருகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடை கொண்ட கனமான யு.ஐ.சி. (பன்னாட்டு ரயில்வே ஒன்றியம்) தரத் தண்டவாளமே 172 மில்லிமீட்டர்தான் என்பதால், 1:87 அன்பர்கள் கோடு 100-ஐக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். அதே தண்டவாளத்தை 64-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 163 மில்லிமீட்டர். முதன்மைப் பாதைக்கு அது ஏற்ற உயரமே. கிளைப்பாதைக்குக் கோடு 83 எடுத்தால் 135 மில்லிமீட்டர். அதுவும் நம்பும்படி இருக்கும். அங்கே பழிக்கப்படும் சரக்கு இங்கே பொருத்தமாகிவிடுவது இந்த அளவின் தனிச் சலுகை.

பிளெக்ஸ் பாதை தோற்பது கட்டைகளில்தான். சுமார் ஏழு அடி நீளமான நம்முடைய மரக் கட்டை 1:64-இல் 33 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். கட்டைக்குக் கட்டை இடைவெளி ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1:87-க்கென வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் கட்டைகளோ சுமார் 30 மில்லிமீட்டர் நீளத்தில், மெலிந்து, நெருக்கமாக நிற்கின்றன. அகலம் சரியாகியும் பார்ப்பவருக்குப் பாதை பொம்மைப் பாதையாகவே தோன்றுவதற்கு இந்த நெருக்கமே காரணம். சிலர் பிளாஸ்டிக் கட்டைகளை இணைக்கும் அடிப்பட்டைகளை வெட்டி, கட்டைகளை இடம்விட்டுப் பரப்பி ஒட்டுகிறார்கள். இடைவெளி சரியாகும், நீளக் குறைவு அப்படியே இருக்கும். ஜல்லியைக் கட்டை முனைகள் மறையும்படி பரப்பினால் அதையும் ஓரளவு மறைக்கலாம். பின்வரிசைப் பாதைகளுக்கு இது போதும் என்பது என் கருத்து.

கையால் பதிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. இவற்றை ஒன்றாகக் கருதிப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவது, மரக் கட்டைகளை ஒட்டி, மேலே மணல்தாள் தேய்த்துச் சமப்படுத்தி, சாயம் பூசி, தண்டவாளத்தின் அடிவிளிம்பைச் சிற்றாணிகளால் பிடித்து நிறுத்துவது. 1:64-இல் மீட்டருக்குச் சுமார் 90 கட்டைகள் ஆகும். ஒவ்வொரு கட்டையிலும் ஆணி அடிக்க வேண்டியதில்லை. நான்கு ஐந்து கட்டைகளுக்கு ஒன்றில் அடித்தாலே பாதை நிற்கும். ஆணியைச் சுத்தியால் அடிப்பதில்லை. மூக்குக் குறடால் தலையைப் பிடித்து அழுத்த வேண்டும், அழுத்தும்போது தண்டவாளத்தின் மேல் அகல அளவி உட்கார்ந்திருக்க வேண்டும். நேட்டால் ரயில்வேயில் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் பாதை வேலை செய்த நம் முன்னோர்கள் கையாண்ட முறையும் சாராம்சத்தில் இதுவே. அவர்களுடைய கட்டையின் கனத்தை நாம் தீக்குச்சி கனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மென்மையான பைன் மரத்தில் ஆணி எளிதாக இறங்கும், ஆனால் பிடி தளரும். கடினமான சாலிக்னா என்ற யூகலிப்டஸ் மரத்தில் ஆணி வளையும், முன்கூட்டியே ஊசித்துளை போட வேண்டும். பலகையின் மேற்பரப்பும் ஆணியை ஏற்க வேண்டும்: வெறும் ஒட்டுப்பலகை மிகக் கடினமானது என்பதால் கட்டைகளுக்கு அடியில் மென்மையான நார்ப்பலகை அல்லது தக்கை தேவை.

இரண்டாவது வழி, சர்க்யூட் போர்டிலிருந்து வெட்டிய செப்புப் பூச்சுள்ள பட்டைகளைக் கட்டைகளாக வைத்துத் தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைப்பது. இதில் ஆணியே இல்லை. பிடி உறுதியானது, தவறினால் சால்டரிங் கோலை வைத்துச் சூடாக்கித் தண்டவாளத்தை அரை மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி குளிரவிடலாம். ஒவ்வொரு பட்டையின் செப்பிலும் நடுவே அரத்தால் ஒரு வெட்டுப் போட்டு, இரு தண்டவாளங்களுக்கும் இடையே மின்சாரம் பாயாமல் தடுக்க வேண்டும். ஒரு பட்டையில் மறந்தாலும் முழுப் பாதையும் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது அவசியம். கண்ணாடி நார் கலந்த போர்டை வீட்டிலேயே அறுப்பவர்கள் முகமூடி அணிய வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பலரும் இரண்டையும் கலக்கிறார்கள்: ஐந்து கட்டைகளுக்கு ஒன்று செப்புப் பட்டை, மற்றவை மரம், ஆணி இல்லாமலே பாதை நிற்கும். நேர்ப்பாதைக்கு இந்தக் கலப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் கைப்பாதையின் உண்மையான பயன் நேர்ப்பாதையில் இல்லை, ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்டில் இருக்கிறது. பெக்கோவின் ஸ்ட்ரீம்லைன் வரிசையில் கோடு 100, கோடு 75 ஆகிய இரண்டிலும் சிறிய, நடுத்தர, பெரிய ஆரம் கொண்ட சாதாரணப் பாயிண்டுகள் யாவும் 12 பாகைக் கோணத்தில் பிரிகின்றன. எந்தப் பாயிண்டை எதனோடு சேர்த்தாலும் பாதைகள் இணையாக வந்துவிடும் என்பது இதன் பெரும் வசதி. 12 பாகை என்பது ஏறத்தாழ 1:4.7, அதாவது 4.7 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகுவது. நம் ரயில்வேயில் 1:9, 1:12 பாயிண்டுகள் சாதாரணம். 1:9 என்பது 6.3 பாகைதான். எனவே கடைப் பாயிண்டில் நீண்ட பெட்டிகள் திடீரென்று உதறித் திரும்பும், கைப் பாயிண்டில் வழுக்கிக்கொண்டு போகும். பெட்டிகளை நிறுத்தும் ரயில் முற்றத்தின் முகப்பில் அடுத்தடுத்துப் பிரியும் பாதைகளையும், வளைவுக்குள்ளேயே பிரியும் பாதையையும் கடைப் பாயிண்டுகளால் அமைக்கும்போது நிலத்துக்கேற்பப் பாதையை அமைக்காமல் பாதைக்கேற்ப நிலத்தை வளைக்க நேரிடும். டெம்ப்ளாட் என்ற மென்பொருளில் அகலத்தையும் அளவையும் கோணத்தையும் கொடுத்தால், வேண்டிய பாயிண்டின் வரைபடத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். அந்தத் தாளின் மேலேயே கட்டைகளை ஒட்டிப் பாயிண்டைக் கட்டலாம்.

ஒரு பாயிண்டைக் கட்டுவதில் உழைப்பு எங்கே போகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இருக்கும், மூக்கு எனப்படும் கிராசிங் முனைக்கு இரண்டு தண்டவாளத் துண்டுகளைக் கோணத்துக்கேற்ப அரத்தால் தேய்த்து, ஒன்றோடொன்று பொருத்தி, பளபளவென்று ஒரே கூர்முனையாகப் பற்றவைக்க வேண்டும். பாயிண்ட் திரும்பும்போது நகரும் நாக்குத் தண்டவாளங்கள் இரண்டையும் நுனியில் காகித கனத்துக்கு மெலித்து, பக்கத்துத் தண்டவாளத்தோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்கச் செய்ய வேண்டும். விரல்நுனியைத் தடவினால் விளிம்பு தட்டுப்படக் கூடாது. மூக்கின் இருபுறமும், எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பிடித்து வழிநடத்தும் செக் ரயில்களிலும் சக்கர விளிம்புக்கான வழி ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், கூடினால் சக்கரம் மூக்கில் மோதும், குறைந்தால் ஏறி உட்காரும். தேய்ப்பதற்கு உலோக அச்சு விற்கும் கனடா நிறுவனமான ஃபாஸ்ட் டிராக்ஸின் கருவிகள் வேலையை வெகுவாகக் குறைக்கும். ஆயினும் ஒரு அச்சு ஒரு கோணத்துக்கும் ஒரு அகலத்துக்கும் மட்டுமே உதவும். இருபது பாயிண்டுகளை ஒரே அளவில் கட்டப்போகிறவருக்கு அது லாபம். நான்கைந்துக்கு மட்டும் என்றால் தாள் வரைபடமும் நல்ல அரமும் போதும். மூக்கு முழுவதும் உலோகமாக இருப்பதால், பாயிண்ட் திரும்பும்போது அதன் மின்துருவமும் மாற வேண்டும். பாயிண்ட் மோட்டாரில் இருக்கும் சுவிட்சின் வழியே அதற்கு மின்சாரம் தர வேண்டும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கடைப் பாயிண்டில் மூக்கைப் பிளாஸ்டிக்காக வைத்து இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம், ஆனால் பெட்டிகளை இடம் மாற்றும் சின்ன ஷண்டிங் எஞ்சின்கள் அதன் மேல் மெதுவாகப் போகும்போது மின்சாரம் அற்று நின்றுவிடும்.

பழைய லீமா வண்டிகளை வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் சக்கர விளிம்புகள் ஆழமானவை. கோடு 100 தண்டவாளத்தில் அவை தடையின்றி ஓடும். கோடு 75-இல் ஆணித்தலைகளையும் ஈயக் குமிழ்களையும் தட்டிக்கொண்டே போகும். அந்த வண்டிகளை விட மனமில்லாதவர் கடைப் பாதையிலேயே இருக்கலாம், இல்லையேல் சக்கரங்களை மாற்ற வேண்டும்.

இடத்தின் தட்பவெப்பமும் இந்தப் போட்டியில் ஒரு நீதிபதிதான். நிக்கல் சில்வர் தண்டவாளம் வெயிலில் நீள்வதைவிட, கீழே இருக்கும் மரம் ஈரப்பதத்தால் விரிந்து சுருங்குவதே பெரிய பிரச்சினை. டர்பனின் கோடைக் காலப் புழுக்கத்தில் ஊறிய பைன் மரச் சட்டத்தில் இறுக்கமாகப் பதித்த பாதையை, ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால், மரம் சுருங்கும், தண்டவாளம் சுருங்காது. எங்கேயாவது ஓரிடத்தில் பாதை நெளிந்து எழும். கடைப் பாதையில் இணைப்புத் தகடுகளின் இடுக்கில் இந்த அசைவு அடங்கிவிடும். கையால் பதிப்பவர் மீட்டருக்கு ஒரு மயிரிழை இடைவெளியைத் தாமாகவே விட வேண்டும். உண்மை ரயிலில் இருப்பதைப் போன்ற தோற்றமும் அதில் கிடைக்கிறது. கடற்காற்று அடிக்கும் வீடுகளில் எஃகுத் தண்டவாளத்தைத் தொடவே வேண்டாம். துருவின் பழுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் மின்சாரம் ஓடாது.

பணக்கணக்கில் கைப்பாதை மலிவு என்று சொல்லப்படுவது பாதி உண்மை. கட்டையையும் போர்டையும் உள்ளூரில் வாங்கலாம். தண்டவாளத்தையும் அகல அளவியையும் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டும். ராண்டின் மதிப்பும் சரக்குக் கட்டணமும் 15 சதவீத வாட் வரியும் அதன் மேல் ஏறும். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பிளெக்ஸ் பாதையை வாங்கி, தண்டவாளத்தை உருவிக்கொண்டு பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிடுவது சில சமயம் இதைவிடச் சிக்கனம். பாயிண்டில்தான் உண்மையான சேமிப்பு: கடைப் பாயிண்ட் ஒன்றின் விலையில் கைப் பாயிண்ட் பலவற்றுக்கான சரக்கு வந்துவிடும். நேரத்துக்கு விலை போடுபவர்கள் இந்தக் கணக்கில் இறங்காமலிருப்பது நல்லது.

என் பரிந்துரை இதுதான். 1:87-இல் 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓட்டுபவர் கையால் பதிப்பதில் அவ்வளவு பொருளில்லை. அகலமே தவறாக இருக்கும் பாதையில் கட்டையைத் திருத்துவதால் கிடைப்பது கொஞ்சம். 12 மில்லிமீட்டருக்குப் போகிறவர் கடையில் கிடைக்கும் மீட்டர் அகலப் பிளெக்ஸை வாங்கி, பாயிண்டுகளை மட்டும் கட்டலாம். 1:64-ஐத் தேர்ந்தவர், திரைக்குப் பின்னும் சுரங்கத்துள்ளும் கண்ணுக்கு மறைந்து ஓடும் பகுதிகளில் பிளெக்ஸைப் போட்டுவிட்டு, நிலையத்தின் முன்வரிசையிலும் எல்லாப் பாயிண்டுகளிலும் கையால் பதிக்க வேண்டும். போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஹார்டிங் வரை ஓடிய இரண்டடி ரயிலைத் தங்கள் அமைப்பில் ஓரமாகச் சேர்க்க விரும்புவோருக்குத் தெரிவே இல்லை: 610 மில்லிமீட்டர் 1:64-இல் 9.5 மில்லிமீட்டராகிறது; கடையின் 9 மில்லிமீட்டர் பாதையோடு சமரசம் செய்துகொள்ளாதவர் முழுவதையும் கையாலேயே பதிக்க வேண்டும். எந்த வழியாயினும், முதல் பாயிண்டை மேசையில் வைத்துத் தனியாகக் கட்டி, மிக நீண்ட எஞ்சினையும் மிகச் சிறிய ஷண்டரையும் இரு திசைகளிலும் தள்ளிப் பார்த்த பிறகே அமைப்பில் பொருத்துங்கள். ஜல்லி கொட்டி ஒட்டியபின் மூக்கைத் திருத்துவதற்கு ஜல்லியையும் கட்டையையும் பெயர்த்தெடுக்க நேரிடும்.